முதல் இரண்டு பக்கங்களைத் தாண்டாத மகன்: குறை அவனிடமா, புத்தகம் தொடங்கும் விதத்திலா?

நொய்யல்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு 13 வயது. திருப்பூரில் ஆங்கில வழிப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறான். கதை கேட்பதில் அவனுக்குள்ள ஆசைக்கு அளவே கிடையாது. இரவில் என் மாமியார் தம் ஊர்க்கதைகளை எடுத்தால், சாப்பிட்ட கை காய்ந்துபோகும் வரை தட்டை விட்டு எழுந்திருக்க மாட்டான். ஆனால் புத்தகம் என்று வந்துவிட்டால் முதல் இரண்டு பக்கங்களுக்கு மேல் அவன் போனதை நான் இதுவரை பார்த்ததில்லை.

கடந்த ஒரு மாதமாக அவனைத் திட்டுவதை நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருந்து கவனித்து மட்டும் வந்தேன். புத்தகத்தைக் கையில் வாங்கியதும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அதன் கனத்தைப் பிடித்துப் பார்க்கிறான். பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பி எத்தனை பக்கம் என்று பார்க்கிறான். முதல் அத்தியாயம் எங்கே முடிகிறது என்று தேடிக் கண்டுபிடித்து, அந்த இடத்தில் இடது கை விரலைச் செருகி வைத்துக்கொள்கிறான். படிக்கும் நேரம் முழுவதும் அந்த விரல் அங்கேயே இருக்கிறது. இன்னும் எவ்வளவு மீதம் என்று இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அந்தத் தாள்களைத் தடவிப் பார்த்துக்கொள்கிறான். முதல் பத்தியைப் படித்து முடித்ததும் அதையே திரும்பப் படிக்கிறான். பிறகு தண்ணீர் குடிக்க எழுந்து போகிறான். திரும்பி வந்தால் மறுபடியும் அதே முதல் பத்திதான். மூன்றாவது முறை எழும்போது புத்தகம் டிவி மேசையின் மேல் குப்புறக் கிடக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீடு துடைக்கும்போது நான்தான் அதை எடுத்து அலமாரியில் வைப்பேன்.

படிக்கவே பிடிக்காதவன் என்று முடிவுகட்டவும் எனக்கு மனம் வரவில்லை. கிரிக்கெட் ஸ்கோர் அட்டவணையை வரி விடாமல் படிக்கிறான். புது சைக்கிளோடு வந்த கையேட்டை முழுவதும் படித்துவிட்டு, பிரேக் ஒயரை அவனே இறுக்கினான்.

சென்ற மாதம் பள்ளியில் ஒரு தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்து மதிப்புரை எழுதச் சொல்லியிருந்தார்கள். அவன் பின்னட்டையில் இருந்ததைப் பார்த்து எழுதிக்கொண்டு போனான். சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டு, முழுப் புத்தகத்தையும் படித்து எழுதும்படி திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏமாற்ற நினைத்தாயா என்று அவன் அப்பா கேட்டபோது அவன் சொன்ன பதில் இன்னும் என் மனத்தை விட்டுப் போகவில்லை. "பின்னாடி நாலு வரியில யாரைப் பத்தின கதைன்னு இருந்துச்சு. உள்ள இருபது பக்கம் போயும் அது தெரியலப்பா" என்றான்.

அன்றிரவு நானே அந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். பதிப்புரை, இரண்டு பேர் எழுதிய அணிந்துரைகள், ஆசிரியரின் என்னுரை, நன்றி என்று வரிசையாக இருந்தன. கதை 21ஆம் பக்கத்தில்தான் தொடங்கியது. அதுவும் விடியற்காலையைப் பற்றிய வருணனையாக இரண்டு பக்கம் ஓடியது. பெயருள்ள ஒரு மனிதர் வருவதற்கு 23ஆம் பக்கம் ஆகிவிட்டது. பையனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முன்னுரைகளையும் வருணனைகளையும் தாண்டிப் படிக்க அவனை விடலாமா, அப்படிப் பழக்கினால் பிற்காலத்தில் எதையுமே பொறுமையாகப் படிக்காதவனாக ஆகிவிடுவானா என்று தெரியவில்லை. இப்படிப்பட்ட பிள்ளை உள்ளே நுழையக்கூடிய தொடக்கம் உள்ள தமிழ்க் கதைகள் எவை என்பதையும், பிள்ளைகளோடு பழகியவர்கள் தங்கள் அனுபவத்திலிருந்து சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன். நான் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் அவனோடு உட்கார நேரம் கிடைக்கிறது என்பதையும் மனத்தில் வைத்துச் சொல்லுங்கள்.

பாடவேளை எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். கரிசல் காட்டுக் கிராமங்களில் உள்ள அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் மகனைப் போன்ற பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் என் வகுப்பில் இருந்தார்கள். சில ஆண்டுகளில் பாதி வகுப்பே அப்படித்தான் இருந்தது.

அந்த விரலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சுமை தூக்குகிறவர் மூட்டையைத் தோளில் ஏற்றுவதற்கு முன் ஒருமுறை அசைத்துப் பார்ப்பார். அதைச் சோம்பல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எவ்வளவு தூரம் தூக்க வேண்டும், எங்கே இறக்கி வைக்கலாம் என்று தெரிந்துகொள்ளாமல் யாரும் சுமையைத் தூக்குவதில்லை. உங்கள் மகனும் அத்தியாயத்தின் முடிவில் விரலை வைத்து, இறக்கி வைக்கும் இடத்தைக் குறித்துக்கொள்கிறான். அந்த விரலை எடுக்கச் சொல்லாதீர்கள். அதற்குப் பதிலாக, அவன் விரல் வைக்கும் தூரத்துக்குள் முடிந்துவிடுகிற கதைகளை அவன் கையில் கொடுங்கள். நாவலுக்கு அவசரமே இல்லை, சிறுகதை போதும்.

எங்கள் பள்ளியில் வாரம் ஒரு நூலகப் பாடவேளை இருந்தது. புத்தகங்கள் இரும்பு பீரோவில் இருந்தன, சாவி வேறொருவரிடம் இருந்தது. நான் பணியில் சேர்ந்த புதிதில், சாவியை வாங்கிப் புத்தகங்களைப் பிள்ளைகளிடம் பகிர்ந்து கொடுத்து அமைதியாகப் படிக்கச் சொல்வேன். 40 நிமிடமும் அமைதியாகத்தான் இருப்பார்கள், ஆனால் பக்கம் புரளும் சத்தம் கேட்காது. பல ஆண்டுகள் கழித்துத்தான் என் தவறு எனக்குப் புரிந்தது. ஒரு கதையில் மிகக் கடினமான பகுதி அதன் முதல் பக்கம். யார் பேசுகிறார்கள், எந்த ஊர், யாருக்கு யார் என்ன உறவு என்று எதுவும் தெரியாத இடம் அது. அந்த இடத்தில்தான் நாம் பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு, பழகிப்போன பிறகு கூடவே உட்கார்ந்து கேள்வி கேட்கிறோம்.

அதன்பின் முறையை மாற்றிக்கொண்டேன். முதல் இரண்டு பக்கங்களை நானே சத்தமாகப் படிப்பேன். ஏதாவது ஒன்று நடக்கப்போகிற இடத்தில் நிறுத்திவிட்டுப் புத்தகத்தை மேசைமேல் வைத்துவிடுவேன். மிச்சத்தைப் படியுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். இந்த முறையில் நான் அதிகம் படித்துக் காட்டியது கி. ராஜநாராயணனின் 'கதவு' என்ற சிறுகதை. வீட்டுக் கதவைப் பஸ்ஸாக வைத்துக்கொண்டு பிள்ளைகள் ஏறி நின்று ஆடும் விளையாட்டோடு அந்தக் கதை தொடங்குகிறது. இயற்கை வருணனையோ அறிமுகமோ கிடையாது. டிக்கெட் கொடுக்கிற சத்தமும் கதவு முன்னும் பின்னும் போய்வருகிற ஆட்டமும்தான் முதலில் வருகின்றன. வீட்டுக் கதவில் ஏறி ஆடி அடி வாங்காத பிள்ளை எங்கள் பக்கத்தில் கிடையாது. ஆகவே முதல் பத்தி முடிவதற்குள் வகுப்பு முழுவதும் அந்த வீட்டுக்குள் போய்விடும். தீர்வை, அதாவது நிலவரி, பாக்கிக்காக ஊர்க் காவல் பணியாளரான தலையாரி கதவைக் கழற்ற வரும் இடத்தில் நான் நிறுத்துவேன். அன்று மாலையே யாராவது ஒருவர் புத்தகம் கேட்டு என் வீட்டு வாசலுக்கு வந்து நிற்பார்கள். ஒருமுறை வந்தவன், அந்த ஆண்டு முழுவதும் ஒரு பக்கம்கூடப் புரட்டாதிருந்த மாணவன். புத்தகத்தை வாங்கிக்கொண்டு திண்ணையிலேயே உட்கார்ந்து படித்து முடித்தான். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. எழுந்து போகும்போது எங்கள் வீட்டு வாசற்கதவை மெல்லத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனான்.

தாண்டிப் படிக்கலாமா என்று கேட்டீர்கள். தாராளமாகத் தாண்டலாம். பிரான்ஸ் நாட்டு எழுத்தாளரும் பள்ளி ஆசிரியராக இருந்தவருமான தானியேல் பென்னாக், 1992இல் வெளியிட்ட நூலில் வாசகருக்கு உரிய பத்து உரிமைகளைச் சொல்லியிருக்கிறார். பக்கங்களைத் தாண்டும் உரிமையும், புத்தகத்தை முடிக்காமல் விடும் உரிமையும், சத்தமாகப் படிக்கும் உரிமையும் அவற்றில் அடங்கும். நம் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் அதற்கு வெகு முன்பாகவே, 1931இல், நூலகவியலின் ஐந்து விதிகளில் ஒன்றாக, வாசகரின் நேரத்தைப் பேண வேண்டும் என்று எழுதிவைத்தார். நூலகருக்குச் சொன்ன விதி அது. ஆனால் பிள்ளையின் கையில் புத்தகம் கொடுக்கிற ஒவ்வொருவரும் அந்த நேரத்துக்கு நூலகர்தான் என்பது என் எண்ணம்.

மதிப்புரை விஷயத்தில் அவன் செய்ததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். யாரைப் பற்றிய கதை என்று பின்னட்டையில் போய்த் தேடிய பிள்ளை, கதையைத்தான் தேடியிருக்கிறான்.

மெய்ப்புத்தாள் எழுதியது:

இருபது ஆண்டுகளாகப் பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்த்தும் கைப்பிரதிகளைச் செப்பனிட்டும் வருகிறேன். 21ஆம் பக்கத்தில் கதை தொடங்கும் புத்தகங்கள் பலவற்றில் என் கையும் பட்டிருக்கிறது. ஆகவே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை எனக்கும் உண்டு.

முன்னுரை வைக்கும் வழக்கம் நமக்கு மிகவும் பழையது. "ஆயிரம் முகத்தான் அகன்ற தாயினும் பாயிரம் இல்லது பனுவல் அன்றே" என்று நன்னூலில் பவணந்தி முனிவர் கறாராகவே சொல்லிவிட்டார். எவ்வளவு விரிந்த நூலாக இருந்தாலும் பாயிரம் இல்லாவிட்டால் அது நூலே ஆகாது. ஆனால் அந்தப் பாயிரத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதையும் அவரே வகுத்துச் சொல்லியிருக்கிறார். எழுதியவர் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, சொல்லப்படும் பொருள், யார் கேட்பதற்காக எழுதப்பட்டது, கேட்பதால் என்ன பயன் ஆகிய எட்டும்தான் அவை. இவற்றில் 'நுதலிய பொருள்', 'கேட்போர்', 'பயன்' ஆகிய மூன்றையும் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். உங்கள் மகன் பின்னட்டையில் தேடி எடுத்தது இவற்றைத்தான்! பழைய பாயிரம் வாசகருக்குக் கொடுத்ததை இன்று பின்னட்டையின் நான்கு வரிகள் கொடுக்கின்றன. பாயிரத்தின் பெயரில் வரும் முன்பக்கங்களோ, பெரும்பாலும் எழுத்தாளருக்கும் அணிந்துரை எழுதியவருக்கும் இடையிலான நட்பைப் பேசுகின்றன.

தன்னைத் தானே புகழ்வது தகுதியில்லை என்பதால் அணிந்துரையைப் பிறர் எழுத வேண்டும் என்றும், ஆசிரியரோ உடன் படித்தவரோ மாணாக்கரோ உரைகாரரோ எழுதலாம் என்றும் நன்னூல் அனுமதித்தது. அந்த அனுமதியை நாம் அளவுக்கு மீறிப் பயன்படுத்திவிட்டோம். மாநகருக்குக் கோபுரம் போல நூலுக்கு அணிந்துரை என்ற உவமையும் அங்கேயே வருகிறது. கோபுரத்தைப் பார்த்து ஊர் இருக்கும் திசையைத் தெரிந்துகொள்ளலாம், கோபுரத்தடியிலேயே தங்கிவிட வேண்டிய தேவை இல்லை. அணிந்துரையைக் கதை முடிந்தபின் படிக்கச் சொல்லுங்கள். கதை தெரிந்த பிறகு அதில் பாதிக்கு அர்த்தம் இருக்கும்.

வருணனையைப் பற்றி மட்டும் உங்களோடு கொஞ்சம் வேறுபடுகிறேன். வருணனையால் பிள்ளைகள் விலகுகிறார்கள் என்று பொதுவாகச் சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. கல்கி 'பொன்னியின் செல்வ'னை 1950 அக்டோபரில் வாரத் தொடராக எழுதத் தொடங்கியபோது, முதல் அத்தியாயத்தையே ஓர் ஏரியின் நீள அகலத்தோடுதான் தொடங்கினார். வீரநாராயண ஏரி, அதாவது இன்று சென்னைக்குக் குடிநீர் போகும் வீராணம். இருந்தும் அந்தத் தொடக்கத்தில் எத்தனையோ பேர் தடையில்லாமல் நுழைந்திருக்கிறார்கள். காரணத்தை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அன்று ஆடிப் பதினெட்டு. கரையின் மேல் ஒரு வாலிபன் குதிரையில் போகிறான். ஏரியின் மதகுகளை எண்ணிக்கொண்டே போகிறான், 74 மதகுகள். அவன் புது ஊரைப் பார்க்க வந்தவன், நாமும் புதியவர்கள். அவன் கண் போகும் இடத்துக்கெல்லாம் நம் கண்ணும் போவதால், அந்த வருணனை நமக்கு வழித்துணையாகிவிடுகிறது. பார்க்கிற கண் ஒன்று உள்ளே இருந்தால் வருணனையைப் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள், விரும்பவும் செய்வார்கள். யாரும் பார்க்காத விடியற்காலை இரண்டு பக்கம் நீண்டால், கதை எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டிய பொறுப்பு முழுவதும் வாசகர் தலையில் விழுகிறது.

புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையின் தொடக்கத்தை இந்தக் கோணத்தில் எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் சந்திக்கும் இடத்தில் ஒரு மனிதர் நின்று தீவிரமாக யோசிக்கிறார். டிராமில் போனால் மிஞ்சும் காசுக்கு வெற்றிலை போடலாம். பஸ்ஸில் போய் வேறு விதமாக மிச்சம் பிடித்தால் அரைக் கோப்பைக் காப்பி குடிக்கலாம், ஆனால் வெற்றிலை கிடையாது. அடுத்துக் கடவுளே வந்து நிற்கப்போகிற ஒரு கதை, காலணாக் கணக்கில் தொடங்குகிறது. பத்து ரூபாய் நாணயத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பள்ளி வாசல் கடையில் எதை வாங்கலாம் என்று நின்ற எந்தப் பிள்ளைக்கும் அந்த மனிதரைத் தெரியும். கதையின் மற்ற பகுதிகள் அவனுக்கு இப்போது முழுவதும் பிடிபடாமல் போகலாம், ஆனால் வாசலைத் தாண்டிவிடுவான்.

முதல் வரியிலேயே கொலையோ அலறலோ இருந்தால்தான் வாசிக்காதவர்கள் வாசிப்பார்கள் என்று சிலர் எழுத்தாளர்களுக்கு யோசனை சொல்கிறார்கள். என் அனுபவத்தில் அது கைகொடுப்பதில்லை. பயமுறுத்தி உள்ளே இழுத்துவிட்டு, அடுத்த பத்துப் பக்கம் பழைய கதையைச் சொன்னால், தயங்கிப் படிக்கிறவர் ஏமாற்றத்தோடு மூடிவிடுகிறார். அடுத்த புத்தகத்தையும் அவர் நம்பமாட்டார். நம் பாட்டிமார்கள் "ஒரு ஊர்ல" என்று தொடங்கியதில் எந்த அதிர்ச்சியும் இல்லை. எங்கே, யார் என்ற இரண்டுக்கும் உடனே விடை இருந்தது, அவ்வளவுதான். ராஜம் ஐயர் 1893இல் 'கமலாம்பாள் சரித்திர'த்தைத் தொடராக எழுதத் தொடங்கியபோதும், மதுரை ஜில்லாவில் சிறுகுளம் என்று ஒரு கிராமம் இருப்பதாகச் சொல்லித்தான் ஆரம்பித்தார். உங்கள் மாமியாரின் கதைகளில் தட்டை விட்டு எழாமல் உட்காருகிற பிள்ளை இந்தத் தொடக்கத்துக்குப் பழகியவன்.

எங்கள் வேலையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கைப்பிரதி வந்தது. முதல் மூன்று தாள்கள் முழுவதும் ஊரின் வெயில். நான்காம் தாளில், தெருக்குழாயடியில் ஒரு பெண் வரிசையில் இருக்கும் குடங்களை எண்ணி, தன் முறை வருவதற்குள் தண்ணீர் நின்றுவிடுமா என்று கணக்குப் போடுகிறாள். அந்த எழுத்தாளரிடம் குடங்களிலிருந்து தொடங்கலாமே என்று தயக்கத்தோடு சொன்னேன். மிகவும் வருத்தப்பட்டார், அந்த வெயிலை எழுத ஒரு கோடைக்காலம் முழுவதும் ஆனது என்றார். இரண்டு வாரம் கழித்துத் திருத்திய பிரதி வந்தது. வெயில் எங்கும் போகவில்லை, குழாயின் பித்தளைத் திருகில் அவள் கை வைக்கும் இடத்துக்கு வந்திருந்தது. பல புத்தகங்களுக்கு இந்த உதவி அச்சுக்குப் போகும் முன் கிடைப்பதில்லை. அப்படிப்பட்ட புத்தகம் அவன் கையில் கிடைத்தால், முதல் ஆள் வரும் பக்கத்தை நீங்கள் தேடி எடுத்து அங்கிருந்து தொடங்கச் சொல்வதில் ஒரு தவறும் இல்லை.

எழுத்துக்கூட்டி எழுதியது:

கற்றலில் சிரமப்படும் பிள்ளைகளுக்குத் துணை வகுப்பு எடுப்பவள் நான். மேலே இருவரும் சொன்னவற்றோடு எனக்கு முழு உடன்பாடு. ஆனால் தாயார் சொன்ன ஒரு குறிப்பை அப்படியே கடந்து போக முடியவில்லை. முதல் பத்தியை இரண்டு முறை, மூன்று முறை படிக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். சலிப்படைந்த பிள்ளை அப்படிச் செய்வதில்லை, தாவிப் போய்விடும். திரும்பத் திரும்பப் படிக்கிற பிள்ளைக்கு, எழுத்தைக் கூட்டி முடிப்பதற்குள் பொருள் நழுவிப்போகிறதோ என்று பார்க்க வேண்டும்.

பத்து வரிகளைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். சொல்லின் கடைசிப் பகுதியை விழுங்குகிறானா, வரி மாறிப் போகிறானா, கொம்பும் காலும் வரும் எழுத்துகளில் தடுக்குகிறானா என்று கவனியுங்கள். தமிழில் 'கெ', 'கே', 'கை' போன்றவற்றில் உயிரொலிக்கான குறி மெய்க்கு முன்னால் எழுதப்படுகிறது, ஒலிப்பதோ பின்னால். 'கொ', 'கோ' இரண்டிலும் குறி இரு பக்கமும் நிற்கிறது. ஆங்கில வழியில் நாள் முழுவதும் வேறு எழுத்தில் புழங்கிவிட்டு வரும் பிள்ளைக்கு இதில் வேகம் வர நேரம் ஆகும். அதோடு, வீட்டில் 'போயிட்டிருந்தான்' என்று கேட்டு வளர்ந்தவன் புத்தகத்தில் 'போய்க்கொண்டிருந்தான்' என்று பார்க்கிறான். பெரியவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கோ, காதுக்குப் பழகாத நீண்ட சொல் ஒவ்வொன்றும் ஒரு மேடு. பேச்சோடு தொடங்குகிற கதைகள் இத்தகைய பிள்ளைகளுக்குச் சுலபமாக இருப்பதற்கு இது முக்கியமான காரணம். ஆசிரியர் ஐயா சொன்ன கதவுக் கதையில் டிக்கெட் கொடுக்கிற பிள்ளைகள் பேசுகிற மாதிரியே பேசுகிறார்கள்.

கண் பரிசோதனை செய்து ஓர் ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் முதலில் அதைச் செய்துவிடுங்கள். நெருக்கமாக அச்சிட்ட புத்தகம் என்றால், படிக்கும் வரிக்குக் கீழே ஓர் அட்டையை வைத்து நகர்த்தச் சொல்லுங்கள். சரளமாகப் படிக்கிறான் என்றால் கவலையே இல்லை. மிகவும் திணறுகிறான் என்றால் ஆங்கிலத்திலும் அதே திணறல் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டிலும் இருந்தால், தாமதிக்காமல் வாசிப்புக் குறைபாட்டைக் கண்டறியத் தெரிந்த ஒருவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சுறுசுறுப்பான பிள்ளைகள் இதைப் பல ஆண்டுகள் மறைத்துவிடுவார்கள், தண்ணீர் குடிக்க எழுந்து போவதும் அந்த மறைப்பில் ஒன்றாக இருக்கலாம்.

நொய்யல்கரை எழுதியது:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன்.

கண் பரிசோதனையில் இடது கண்ணுக்குச் சிறிது பவர் இருப்பது தெரிந்து கண்ணாடி போட்டாயிற்று. சத்தமாகப் படிக்கச் சொன்னபோது, ஆங்கிலத்தில் தடையில்லாமல் படித்தான். தமிழில் நீண்ட சொற்களின் வால் பகுதியை விழுங்கினான். இத்தனை ஆண்டுகள் நான் இதைக் கவனிக்கவில்லையே என்று அன்று முழுவதும் வருத்தமாக இருந்தது.

'கதவு' கதையை ஒரு சனிக்கிழமை இரவு நான் படித்தேன். மாமியாரும் வந்து உட்கார்ந்துகொண்டார். தலையாரி வரும் இடத்தில் நிறுத்த வேண்டும் என்று ஆசிரியர் ஐயா சொன்னது நினைவிருந்தாலும் எனக்கே நிறுத்த மனம் வரவில்லை. அப்போது குக்கர் விசில் வந்துவிட்டதால் எழுந்து போனேன். "கதவு திரும்பக் கெடச்சுதா?" என்று பின்னாலிருந்து கேட்டான். அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். நான் திரும்பி வந்தபோது அவன் கடைசிப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தான். கதவு என்ன ஆனது என்று தெரிந்துகொண்டபின், நான் விட்ட இடத்துக்கு வந்து நடுவில் உள்ளதையும் படித்தான். முடிவைத் தெரிந்துகொண்ட பிறகு எதற்குப் படிக்கிறாய் என்று கேட்டதற்கு, அது எப்படி அங்கே போனது என்று தெரிய வேண்டாமா என்று கேட்டான். அந்தக் கதையில் வரும் கைக்குழந்தைக்கு நேர்ந்ததைப் படித்தபின் வெகுநேரம் பாட்டியின் பக்கத்திலேயே படுத்திருந்தான்.

போன வாரம் 'பொன்னியின் செல்வ'னின் முதல் பாகத்தை எடுத்தோம். ஐந்து பாகங்களையும் ஒன்றாகப் பார்த்தால் மிரண்டுவிடுவான் என்று மற்ற நான்கையும் அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன். ஆனாலும் அவன் வழக்கம்போல் விரலால் கனம் பார்த்துவிட்டுத்தான் திறந்தான். முதல் அத்தியாயத்தை நான் படித்தேன். மதகுகளை எண்ணும் இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டு, அந்த ஏரிக்கு இங்கிருந்து எப்படிப் போவது, இப்போது போனால் மதகுகளை எண்ண முடியுமா என்று கேட்டான். கடலூர் மாவட்டம் என்றேன். காட்டுமன்னார்கோயில் வரை பஸ் வழியைப் போனில் தேடிப் பார்த்து வைத்திருக்கிறான். காலாண்டு விடுமுறையில் போகலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இரண்டாவது அத்தியாயத்தையும் மூன்றாவதில் பாதியையும் அவனே படித்தான், வரிக்குக் கீழே பழைய காலண்டர் அட்டையை வைத்து நகர்த்திக்கொண்டு. அதன்பின் நான்கு நாட்களாக எடுக்கவில்லை. விட்ட இடத்தில் ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகி வைத்திருக்கிறான். புத்தகம் டிவி மேசையின் மேல்தான் இருக்கிறது, குப்புறக் கிடக்கவில்லை. இன்று துடைக்கும்போது அதை அலமாரியில் எடுத்து வைக்காமல், தூசியைத் தட்டி அதே இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.